ரெண்டு இரும்பு, ஒரு ராடு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வெல்டிங் ராடு பற்றியது. ரிட்டயர்டான வாத்தியாருக்கு வெல்டிங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 28 வருடமாக ஒரு பாக்கி என் பெயரில் நிற்கிறது. அதை இங்கே எழுதித் தீர்க்கலாம் என்று பார்க்கிறேன்.

சாத்தான்குளம் வட்டாரத்தில் நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றின் பழைய மாணவர்கள் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பள்ளியில் ஒரு காலத்தில் தொங்கிய தண்டவாள மணியைத் திரும்பவும் தொங்கவிட வேண்டுமாம். இப்போது அங்கே மின்சார மணி அடிக்கிறது. ஆனாலும் பழைய சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஆசை. தண்டவாளத் துண்டு ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்ததைத் தேடி எடுத்துவிட்டார்கள். எஸ்.எஸ். பைப்பில் ஒரு ஸ்டாண்டு செய்து அதில் மாட்டுவதாகத் திட்டம்.

"மேல ஒரு கொக்கிய மட்டும் வெல்ட் பண்ணிட்டா போதும் சார். அஞ்சு நிமிச வேல" என்றான் ஒருவன்.

எனக்கு உடம்பு ஒரு கணம் ஆடிவிட்டது. ஏனென்றால் இதே தண்டவாளத்தில், இதே கொக்கியை, இதே அஞ்சு நிமிச வேலையாக 1997-இல் வைக்கச் சொன்னவன் நான்.

அப்போது தலைமையாசிரியர் மாறுதலில் போயிருந்தார். நான் பொறுப்பில் இருந்தேன். பழைய வெண்கல மணி விரிசல் விட்டுச் சத்தம் செத்துப்போனது. புது மணி வாங்கக் காசு இல்லை. பழைய இரும்புக்கடையில் இரண்டடித் தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தது. பழைய 90 ராத்தல் தண்டவாளம். ஒரு மீட்டர் ஏறக்குறைய 45 கிலோ. எங்கள் துண்டு 27 கிலோ இருக்கும். தண்டவாளத்தின் நுனித் துண்டாக இருந்தால் போல்ட் போடும் ஓட்டை இருக்கும், அதில் சங்கிலி கோத்துவிடலாம். எங்களுக்குக் கிடைத்ததோ ஓட்டை இல்லாத நடுத்துண்டு.

பக்கத்துப் பட்டறையில் என் பழைய மாணவன் ஒருவன் வேலை பார்த்தான். பத்தாம் வகுப்போடு நின்றவன். அப்போது 19 வயது. "ஏல, இதுல ஒரு கொக்கியப் பத்த வச்சுக் குடு" என்றேன். அவன் அரை அங்குலக் கம்பியை லாடம் போல வளைத்து, தண்டவாளத்தின் தலையில் இரண்டு பக்கமும் இரண்டு அங்குல நீளத்துக்கு வெல்டு வைத்தான். கசடைத் தட்டிப் பார்த்தோம். மீன் செதிள் அடுக்கியது போல அழகாக இருந்தது. காசு வேண்டாம் என்றுவிட்டான். வேப்பமரக் கிளையில் மாட்டினோம். ஒரு அடி அடித்தால் பஜார் வரைக்கும் கேட்டது.

ஒன்பதாம் நாள் காலை. முதல் மணி அடிக்கப் பியூன் அண்ணாச்சி சுத்தியலை ஓங்கினார். மூன்றாவது அடியில் துண்டு கழன்று நேரே அவர் இடது காலில் விழுந்தது. இரண்டு விரல் போய்விட்டது. அன்று வழிபாட்டுக்கு வரிசை கட்டிய பிள்ளைகள் பத்தடி தள்ளி நின்றார்கள். அந்தப் பத்தடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெடும்.

விசாரணை வந்தது. நான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "வெல்டிங் சரியாகச் செய்யப்படாததால் விபத்து நேர்ந்தது." எழுதும்போது அது பொய் என்று நான் நினைக்கவில்லை. கழன்றது வெல்டு வைத்த இடம்தானே? ஊரும் அதையே பேசியது. "அவன் வச்ச வெல்டா? பாத்துப் போங்கப்பா" என்று பட்டறைக்கு வந்தவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் பையன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

பிறகு திருச்சி, மும்பை, வளைகுடா என்று சுற்றினான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பைப் வெல்டராக வேலை பார்த்தான். நாலு வருடத்துக்கு முன் ஊருக்கே திரும்பிச் சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறான். பார்த்தால் வணக்கம் சொல்வான். மணியைப் பற்றி நானும் பேசியதில்லை, அவனும் பேசியதில்லை.

பழைய மாணவர்கள் போன பிறகு நானே அவன் பட்டறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சார், அந்தத் துண்ட இங்க கொண்டாரச் சொல்லுங்க. ஒண்ணு காட்டுதேன்" என்றான்.

துண்டு வந்தது. கொக்கி இருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். "நல்லாப் பாருங்க சார். என் வெல்டு ஒடஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் வெல்டு மிச்சம் இருக்கணும்லா? இங்க பள்ளம்லா இருக்கு." உண்மைதான். தண்டவாளத்தின் மேல்தோல் ஒரு சிரட்டைத் துண்டு மாதிரி உரிந்து போயிருந்தது. வெல்டு உடையவில்லை. வெல்டு தன்னோடு ஒட்டியிருந்த தண்டவாளத்தையும் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது.

பிறகு கிரைண்டரை எடுத்து ஒரு சாதாரண எம்.எஸ். கம்பியில் வைத்தான். பொறி நீளமான கோடுகளாகப் பறந்தது. வெடிப்பு அதிகம் இல்லை. அடுத்துத் தண்டவாளத்தில் வைத்தான். ஒவ்வொரு பொறியும் நுனியில் கிளை கிளையாக வெடித்தது, கார்த்திகைக்குப் பிள்ளைகள் கம்பி மத்தாப்புக் கொளுத்தியது போல. "இவ்வளவு பூ விட்டா கார்பன் ஜாஸ்தின்னு அர்த்தம் சார். ரெண்டும் பாக்க இரும்புதான். ஆனா ரெண்டும் வேற வேற சாதி."

நண்பர்களே, நான் முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன். தேனிரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு, ஒவ்வொன்றிலும் கார்பன் எத்தனை சதவீதம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் அட்டவணை போட்டவன். எம்.எஸ். கம்பியில் கார்பன் 0.2 சதவீத அளவில்தான் இருக்கும். தண்டவாளத்தில் 0.5 முதல் 0.8 வரை போகும். கூடவே மாங்கனீசு ஒரு சதவீதம். இந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்கு அந்தத் துண்டைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது "இது எந்த இரும்பு" என்ற கேள்வி என் மண்டையில் வரவே இல்லை. பத்தாவதோடு நின்ற பையனுக்கு வந்திருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

ஏன் உரிந்தது என்பதை அவன் சொன்னதையும் நான் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வெல்டு வைக்கும்போது ராடு மட்டும் உருகுவதில்லை. இரண்டு பக்க இரும்பும் கொஞ்சம் உருகிக் கலக்கும். உருகாமல் ஒட்டி நிற்கும் பகுதியும் செக்கச் சிவக்கச் சூடாகும். 27 கிலோ குளிர்ந்த இரும்பின் மேல் இரண்டு அங்குல வெல்டு என்பது குளத்தில் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றிய கதை. சூட்டை அந்தப் பெரிய துண்டு மடமடவென்று உறிஞ்சிவிடும். கார்பன் அதிகமுள்ள எஃகு சிவந்த நிலையிலிருந்து அப்படிச் சட்டென்று குளிர்ந்தால் மார்ட்டென்சைட் என்ற அமைப்பாக மாறும். அருவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் வாய் கெட்டிப்படுகிறதே, அதுதான் இது. அருவாளுக்கு அது வேண்டும். தோய்த்த பிறகு ஆசாரி அதை மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவார். எங்கள் தண்டவாளத்தில் அது கேட்காமலே வந்தது, பதமும் காட்டப்படவில்லை. கண்ணாடி போல ஆகிவிட்டது.

இரண்டாவது காரணம் ஹைட்ரஜன். பட்டறைகளில் சர்வசாதாரணமாகப் புழங்குவது 6013 ராடு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அருமையான ராடு. சுலபமாகப் பற்றும், கசடு சுலபமாக உதிரும். ஆனால் அதன் பூச்சில் ஈரம் உண்டு. அந்த ஈரம் வில்லின் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாக உருகிய இரும்புக்குள் போகும். எம்.எஸ். இரும்பு மெதுவானது, தாங்கிக்கொள்ளும். கெட்டிப்பட்ட மார்ட்டென்சைட் தாங்காது. அந்த ஹைட்ரஜன் மெல்ல நகர்ந்து சேர்ந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்து வெல்டுக்கு அடியில் விரிசல் விடும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மீன் செதிள் அழகாகவே இருக்கும். அதன் மேல் தினமும் எட்டு முறை சுத்தியல் அடி. ஒன்பது நாள் நின்றதே பெரிய விஷயம்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது பலத்தின் கணக்கு. 6013-இல் முதல் இரண்டு இலக்கம், 60, அந்த வெல்டின் இழுவிசைப் பலம்: சதுர அங்குலத்துக்கு 60,000 ராத்தல். எம்.எஸ். கம்பியின் பலத்துக்கு இது சமம். அவன் வைத்த வெல்டு கணக்குப்படி ஒரு டன்னுக்கு மேல் தாங்கியிருக்க வேண்டும். விழுந்தது 27 கிலோ. ஆக, பலம் குறைந்த ராடு என்பது காரணமே இல்லை. நாமோ வெல்டு விட்டுப்போனால் "இன்னும் ஸ்ட்ராங்கான ராடு போடு" என்போம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதான் சார் எல்லாரும் சொல்லுதாவ. ரெண்டு இரும்பு வேற வேறயா இருந்தா, பலத்துக்கு மெலிஞ்சவனப் பாக்கணும். சூட்டுக்குக் கெட்டிக்காரனப் பாக்கணும்."

இதை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். விளக்கிச் சொன்னால் இப்படி: இரண்டு வகை எஃகை இணைக்கும்போது, ராடின் பலம் பலவீனமான பக்கத்துக்குச் சமமாக இருந்தால் போதும், கம்பியே 60 தாங்கும்போது ராடு 100 தாங்கி என்ன பயன்? ஆனால் முன்சூடு எவ்வளவு வேண்டும், ஹைட்ரஜன் எவ்வளவு குறைய வேண்டும் என்பதைக் கார்பன் அதிகமுள்ள பக்கம்தான் தீர்மானிக்கும்.

அதற்கு ஒரு சூத்திரம்கூட இருக்கிறது. கார்பன் சதவீதத்தோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். குரோமியம், நிக்கல் போன்றவை இருந்தால் அவற்றுக்கும் இதுபோல் பங்கு உண்டு. கார்பன் சமானம் என்பார்கள். எம்.எஸ். கம்பிக்கு 0.3 சொச்சம் வரும். 0.45 தாண்டினால் கவனம் தேவை. தண்டவாளத்துக்கு 0.7-ஐயும் ஒரு சதவீத மாங்கனீசையும் வைத்துப் போட்டால் 0.87 வருகிறது. கவனம் என்ற எல்லையைப் போல இரண்டு மடங்கு.

"சரி, அன்னைக்கு என்ன ராடு போட்டிருக்கணும்?" என்று கேட்டேன்.

"7018 சார். அதுவும் சுட்டு எடுத்தது."

7018 என்பது ஹைட்ரஜன் குறைந்த ராடு. ஆனால் பாக்கெட்டைப் பிரித்துப் பெஞ்சில் போட்டால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு அதுவும் சாதாரண ராடுதான். 300 டிகிரிக்கு மேல் அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு சூடான பெட்டியிலேயே வைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வளைகுடாவில் ஒவ்வொரு வெல்டர் கையிலும் மின்சாரத்தில் சூடாகும் ஒரு தூக்குப் பெட்டி இருக்குமாம். வெளியே எடுத்து நாலு மணி நேரம் தாண்டிய ராடைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். "இங்க மழ நேரத்துல பாதிப் பட்டறயில ராடு நமத்த முறுக்கு மாதிரிலா கெடக்கு" என்றான்.

அடுத்தது முன்சூடு. தண்டவாளத்தை 300 டிகிரி அளவுக்குக் கேஸ் டார்ச்சால் சூடேற்றிவிட்டுத்தான் வெல்டைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு சாக்பீஸ் வைத்திருக்கிறான். குறிப்பிட்ட டிகிரி வந்தால் இரும்பில் போட்ட கோடு உருகும். வாழ்நாள் முழுக்கச் சாக்பீஸ் பிடித்த எனக்கு இப்படி ஒரு சாக்பீஸ் இருப்பது 70 வயதுக்கு மேல்தான் தெரிகிறது. வெல்டு முடிந்ததும் துண்டை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள்தான் எடுக்க வேண்டும். மெதுவாக ஆறினால் மார்ட்டென்சைட் உண்டாகாது, ஹைட்ரஜனும் வெளியேற வழி கிடைக்கும்.

இன்னொரு வித்தையும் சொன்னான். கெட்டி இரும்பின் மேல் முதலில் முன்சூடு காட்டி, மெதுவான ராடால் ஓர் அடுக்கு பூசிவிடுவது. 'பட்டரிங்' என்பார்கள். ரொட்டியில் வெண்ணெய் தடவுவது மாதிரி. பிறகு கொக்கியை அந்த அடுக்கோடு இணைத்தால், கொக்கியின் வெல்டுச் சூடு தண்டவாளத்தை நேரே தாக்காது.

312 என்று ஒரு ராடும் இருக்கிறது. 29 சதவீதம் குரோமியம், 9 சதவீதம் நிக்கல். என்ன இரும்பென்றே தெரியாத துண்டுகளுக்கும் லாரிப் பட்டைக்கும் இதைத்தான் பலரும் எடுக்கிறார்கள். எதோடு கலந்தாலும் எளிதில் விரிசல் விடாது, ஹைட்ரஜனையும் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். விலைதான் 6013-ஐப் போலப் பல மடங்கு. "அப்ப இதப் போட்டா முன்சூடு வேண்டாமா?" என்றேன். "அங்கதான் சார் எல்லாரும் ஏமாறுதாவ. எந்த ராடு போட்டாலும் பக்கத்துல இருக்க தண்டவாளம் தண்டவாளந்தானே. ராடு பாதி, மிச்சப் பாதி சூடு" என்றான்.

நம் ஊர்ப்பக்கம் இதெல்லாம் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. தேனிரும்பை உடலாக வைத்து, வாய்க்கு மட்டும் உருக்குத் தகட்டை இடுக்கி, உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கும் கொல்லர்கள் இருந்த நாடு இது. அதுவும் வேறு வேறு எஃகை இணைக்கும் வேலைதான், ராடு இல்லாமல். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் இரும்புப் பொருட்கள் குவியலாகக் கிடைத்தன. சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு, எந்த இரும்பு என்று பார்க்காமல் நான் கொக்கி வைத்தேன்.

சரி, மணிக்கு வருவோம். தண்டவாளத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஸ்டாண்டு வேலை இருந்தது. எஸ்.எஸ். பைப்பின் அடியில் எம்.எஸ். தகடு. தகட்டை காங்கிரீட்டில் போல்ட் போட வேண்டும். இதுவும் இரண்டு இரும்புதான், ஆனால் வேறு மாதிரி இரண்டு. இங்கே நம்மூரில் நடப்பது என்னவென்றால், எம்.எஸ். இருப்பதால் 6013-ஐப் போட்டுவிடுவார்கள், அல்லது எஸ்.எஸ். இருப்பதால் 308-ஐப் போடுவார்கள். உவரி, மணப்பாடு பக்கம் கடற்கரை வீடுகளில் எஸ்.எஸ். கைப்பிடி பளபளவென்று இருக்கும், அடியில் மட்டும் துரு வழிந்து சுவரெல்லாம் செம்மண் கோடு போட்டிருக்கும். பார்த்திருப்பீர்கள்.

பட்டறைச் சுவரில் நானும் அவனும் கரியால் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். வெல்டில் 100 கிராம் என்றால், 70 கிராம் ராடிலிருந்து, 15 எம்.எஸ். பக்கமிருந்து, 15 எஸ்.எஸ். பக்கமிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். எஸ்.எஸ். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். எம்.எஸ்.-இல் இரண்டும் இல்லை.

6013 போட்டால்: ராடிலிருந்து குரோமியம் இல்லை. எஸ்.எஸ். தரும் 15 கிராமில் 2.7 மட்டும். துருப்பிடிக்காமல் இருக்கக் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். துருப்பிடிப்பது நிச்சயம். அதோடு கெட்டிப்பட்டு விரிசலும் விடலாம்.

308 போட்டால்: அந்த ராடில் குரோமியம் 20, நிக்கல் 10 என்று கொள்வோம். 14-ம் 2.7-ம் சேர்ந்து குரோமியம் 16.7. நிக்கல் 7-ம் 1.2-ம் சேர்ந்து 8.2. பார்க்கப் பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் விளிம்பில் நிற்கிறது. கரண்டைக் கூட்டி எம்.எஸ். பக்கம் கொஞ்சம் அதிகம் உருகிவிட்டால் இன்னும் இறங்கும். அங்கேயும் மார்ட்டென்சைட் தலைகாட்டும்.

309 போட்டால்: குரோமியம் 24, நிக்கல் 13. 16.8-ம் 2.7-ம் சேர்ந்து 19.5. நிக்கல் 9.1-ம் 1.2-ம் சேர்ந்து 10.3. கலந்த பிறகு அது நல்ல எஸ்.எஸ். ஆகிவிடுகிறது!

எம்.எஸ். கலந்து நீர்த்துப்போகும் என்று தெரிந்தே முன்கூட்டி அதிகம் போட்டு வைத்த ராடு 309. வீட்டுக்கு விருந்தாள் வரும் நாளில் குழம்பைக் கொஞ்சம் கெட்டியாகவே வைப்போமே, பிறகு தண்ணீர் விளாவினாலும் ருசி நிற்கும், அந்தக் கணக்கு. 1949-இல் ஷேஃப்ளர் என்பவர் இந்தக் கலவைக் கணக்கையெல்லாம் ஒரே வரைபடமாகப் போட்டுவிட்டார். குரோமியம் பக்கம் ஒரு அச்சு, நிக்கல் பக்கம் ஒரு அச்சு. கலவை எந்த இடத்தில் விழுகிறதோ அதைப் பார்த்து வெல்டு எப்படி வரும் என்று சொல்லிவிடலாம். இன்றைக்கும் வெல்டிங் பாடத்தில் அதுதான் முதல் படம். 309-இல் கார்பன் குறைந்தது 309எல். அதையே வாங்கினோம்.

கரண்டைக் குறைத்து, சின்ன ராடாக எடுத்து, எம்.எஸ். அதிகம் உருகாமல் வைத்தான். எம்.எஸ். தேய்த்த கிரைண்டர் கல்லை எஸ்.எஸ். மேல் வைக்கவிடவில்லை, இரும்புத்தூள் ஒட்டித் துரு பிடிக்குமாம். கடைசியில் தகட்டிலிருந்து இணைப்பைத் தாண்டி ஒரு அங்குலம் மேலே வரை பெயின்ட் அடிக்கச் சொன்னான்.

"எல்லா எடத்துக்கும் 309 போதுமால?" என்று கேட்டேன்.

"சூடு ஏறாத எடத்துக்குப் போதும் சார். கொதிகலன்ல ஆகாது."

அதற்கும் காரணம் உண்டு. ஒரு மீட்டர் எம்.எஸ். குழாயை 500 டிகிரி சூடாக்கினால் ஆறேழு மில்லிமீட்டர் நீளும். எஸ்.எஸ். குழாய் ஒன்பது மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். இரண்டையும் 309-ஆல் கட்டிப்போட்டால் தினமும் சூடேறி ஆறும்போது இணைப்பின் ஓரத்தில் இழுபறிதான். போதாக்குறைக்கு அந்தச் சூட்டில் சாதா எஃகிலிருந்து கார்பனும் மெல்ல வெல்டு பக்கம் நகர்ந்துபோகும். அதனால் அங்கே நிக்கலை அடிப்படையாகக் கொண்ட ராடு போடுகிறார்கள். அது நீள்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும், கார்பனின் நகர்வையும் மட்டுப்படுத்தும். திருச்சி பெல் வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சிக்குப் போனபோதுதான் இதெல்லாம் தனக்குத் தெரியவந்தது என்றான்.

கல்பாக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அதிவேக ஈனுலையின் நீராவி உற்பத்திக்காக எஸ்.எஸ். ஒரு பக்கம், குரோமியம்-மாலிப்டினம் எஃகு மறுபக்கம் இணைக்க வேண்டியிருந்தது. ராடு மட்டும் போதாது என்று, இரண்டுக்கும் நடுவில் அலாய் 800 என்ற மூன்றாவது உலோகத் துண்டையே வைத்து இணைக்கும் முறையை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஆராய்ந்து உருவாக்கினார்கள். இரண்டு வீட்டாருக்கும் ஆகாதபோது பொதுவான ஒரு மாமாவை நடுவில் உட்கார வைப்பது மாதிரி.

எல்லாம் பேசி முடித்தபின், "அப்பம் நம்ம கொக்கிக்கு 7018 சுட்டு எடுத்து, முன்சூடு குடுத்து வச்சிரலாம்லா?" என்று கேட்டேன். இவ்வளவு பாடம் படித்த பெருமை எனக்கு.

அவன் தலையை ஆட்டினான். "வைக்கலாம் சார். நிக்கவும் செய்யும். ஆனா அது தெனமும் சுத்தியல் அடி வாங்குற சாமான். கீழ பிள்ளைய நிக்கும். வெல்டு இல்லாம முடியும்னா வெல்டு வைக்கக் கூடாது. ஓட்ட போட்டுருவோம்."

இவ்வளவு ராடு தெரிந்தவன் கடைசியில் சொன்னது ராடே வேண்டாம் என்று. எனக்கு அது பெரிய பாடமாகப் பட்டது.

காந்த டிரில் மெஷினை வாடகைக்கு எடுத்து, எண்ணெய் விட்டு விட்டு, மெதுவாக ஓட்டி, தண்டவாளத்தின் நடு இடுப்பில் இரண்டு ஓட்டை போட்டான். கேஸ் கட்டரால் அரை நிமிடத்தில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஓரமும் அதே மாதிரி கெட்டிப்பட்டு விரிசலுக்கு வழிவிடும் என்று மறுத்துவிட்டான். போல்ட், ஷாக்கிள், கூடவே அறுந்தாலும் கீழே விழாமல் பிடிக்க ஒரு இரட்டைச் சங்கிலி. ரயில்வேக்காரர்கள் நெடுங்காலம் தண்டவாளத்தைத் தகடும் போல்ட்டும் வைத்துத்தானே இணைத்தார்கள்!

பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கரும்பலகைக் குறிப்பு:

1. எம்.எஸ்.-உம் எம்.எஸ்.-உம்: 6013 போதும்.

2. எம்.எஸ்.-உம் ஷாஃப்ட் மாதிரி நடுத்தரக் கார்பன் எஃகும்: சுட்டு எடுத்த 7018. முன்சூடு ஷாஃப்ட்டைப் பார்த்து.

3. எம்.எஸ்.-உம் எஸ்.எஸ்.-உம்: 309எல். 6013 வேண்டாம், 308 வேண்டாம்.

4. லாரிப் பட்டை, என்னவென்று தெரியாத கெட்டி எஃகு: 312. அப்போதும் முன்சூடு, சின்னச் சின்ன வெல்டு, மெதுவாக ஆறவிடுதல்.

5. சூட்டில் வேலை செய்யும் குழாய்: நிக்கல் வகை ராடு. அதுவும் முறையான நடைமுறைத் தாள் இல்லாமல் தொடவே வேண்டாம்.

6. எதற்கும் முன்னால்: காந்தம் வைத்துப் பார். கிரைண்டர் பொறியைப் பார். "இது எந்த இரும்பு?" என்று கேள்.

7. ஆள் தலைக்கு மேலே தொங்குவது என்றால்: போல்ட்.

போன ஞாயிற்றுக்கிழமை மணியை மாட்டினோம். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். பியூன் அண்ணாச்சிக்கு இப்போது 82 வயது. மகன் கூட்டி வந்திருந்தார். என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பழைய நினைவுகள் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் அந்த அறிக்கையில் எழுதிய வரியைச் சொன்னேன். அது தப்பு என்று சொன்னேன். "வெல்டு வச்சவன் ஒழுங்காத்தான் வச்சான். எந்த இரும்புன்னு தெரிஞ்சிருந்தும் யோசிக்காம அந்த வேலையச் சொன்னவன் நான். 28 வருசமா அவன் பேரு கெட்டுக் கெடக்கு. அது என் பேரு" என்றேன்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். கையில் இருந்த வேஸ்ட் துணியால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, "டீ சொல்லட்டுமா சார்?" என்றான். அவ்வளவுதான்.

முதல் மணியை அண்ணாச்சியே அடிக்க வேண்டும் என்றார்கள். அவர் மணிக்கு அடியில் போய் நிமிர்ந்து பார்த்தார். போல்ட்டை விரலால் தட்டினார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார். அவனைப் பார்த்து, "எப்பா, நல்லா முடுக்கிட்டியா? எனக்கு மிச்சம் எட்டு வெரலுதான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கே ஓட்ட போட்டிருக்கலாம்லா சார்" என்றார்.

போட்டிருக்கலாம் அண்ணாச்சி.

ஒரு எட்டு தள்ளி நின்று, கையை நீட்டி அடித்தார். பழைய சத்தம் அப்படியே இருந்தது.

வெல்டிங் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். உங்கள் பட்டறையில் 7018 எங்கே கிடக்கிறது என்பதையும் இன்றைக்கே ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.